கண்ணாடி திரும்பும் பக்கம்

"இது அணையவே அணையாதா பாய்?" என்று கேட்டான் வீரையன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஆஸ்பத்திரி வேனை ஓட்டிவந்த கலந்தருக்கு, கூரையில் சுற்றும் புது விளக்கின் பெருமை பேச ஆள் கிடைத்துவிட்டது. "அணையாது தம்பி. பல்பு நின்ன எடத்துல எரிஞ்சுகிட்டே இருக்கும். சின்ன மோட்டார் ஒண்ணு ரப்பர் வளையத்த இழுத்து, பல்பச் சுத்தி ஒரு கண்ணாடியத் திருப்புது. கண்ணாடி உன் பக்கம் வந்தா வெளிச்சம், முதுகக் காட்டுனா இருட்டு. பாக்கறவன் மினுக்குதுன்னு நெனச்சுக்கறான்."

தலைக்கு மேலே மோட்டார் கிர்ரென்று முனகியது. மார்கழி அந்திப் பனி, வாய்க்கால் தண்ணீர், கதிர் சாய்ந்த சம்பா, மடையில் நின்ற கொக்கு எல்லாம் ஒரு கணம் சிவந்து, மறுகணம் இல்லாமல் போய், மறுபடி சிவந்தன. யாரோ கனவில் கண்டு கண்டு மறப்பதைப் போல இருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள், பெண்டாட்டி அம்சம் அங்கே துடித்துக்கொண்டிருக்கிறாள், இவனுக்குக் கொக்கு அழகாகத் தெரிகிறதாம்! வீரையனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வேன் போய் நின்ற தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை. வீரையன் வீட்டில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. அம்சம் படுத்திருந்த கயிற்றுக் கட்டிலையும் காணோம்.

வீரையனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆட்சி மாறி ஊர்முனைக் கம்பத்தில் கறுப்பு சிவப்புக் கொடி ஏறியிருந்ததே தவிர, அறுப்புக் கூலியில் நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட சண்டை தீரவில்லை. பண்ணையார் ஆட்களோடு வரும் போலீஸ் லாரியின் தலையிலும் இப்படியொரு சிவப்புதான் சுற்றும். அதைக் கண்டதும் விளக்கை ஊதிவிட்டு வயலுக்குள் போய்ப் படுத்துவிடுவது தெருவின் வழக்கம். அவனும் படுத்திருக்கிறான். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன புத்திசாலி, இதில் ஏறி வந்திருக்கிறான்.

"நான்தான், வீரையன்! ஆஸ்பத்திரி வண்டி! வெளிய வாங்க!"

கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். போன தடவை வந்த போலீஸ்காரர்கள் இதே தெருத் தங்கையனைப் பிடித்துக் கையைக் கட்டி, அவன் வாயாலேயே இப்படித்தான் கூப்பிட வைத்தார்கள். நம்பி வந்தவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இனிக் குரலை யார் நம்புவார்கள்? வயல் மூச்சுக்கூட விடவில்லை.

இத்தனை பெரிய வயலில் எங்கே என்று தேடுவது? அம்சம் கத்தினால் தெரியும். கத்த விடமாட்டார்கள். வாயில் துணியை வைத்து அழுத்தியிருப்பார்கள், அவளைக் காப்பாற்றத்தான். வீரையன் அழுதுவிட்டான். அழுதபடியே, சுற்றிச் சுற்றி வந்த சிவப்பை நிமிர்ந்து பார்த்தான்.

"பாய், அந்தக் கண்ணாடிய நிறுத்த முடியுமா? என் பக்கமாத் திருப்பி வைங்க. முன்விளக்கு ரோட்டோட போயிடுது. அவங்க என் மூஞ்சியப் பாக்கணும்."

கலந்தர் கூரையில் ஏறி, சிவப்புக் கூட்டைத் திருகி எடுத்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றினார். மோட்டார் சும்மா ஓட, கண்ணாடி நின்றுவிட்டது. வீரையன் விளக்குக்குப் பின்னால் வயலைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கலந்தர் கண்ணாடியின் முதுகை வயலுக்கும் முகத்தை அவனுக்குமாகத் திருப்பிப் பிடித்தார்.

வெள்ளை வெளிச்சம் முகத்தில் அறைந்தது. வயலும் ஊரும் மறைந்து பனி மட்டும் இருந்தது. விழித்திருக்கிறோமா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

"பாருங்க! கையில கட்டு இல்ல!"

ஒன்றும் கேட்கவில்லை. கைகள் வலித்தன. அப்படியே வைத்திருந்தான்.

பிறகு அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு குரல், துணியைத் துப்பிவிட்டுக் கத்தியது. "அட பாவி மனுசா, இங்க கெடக்கேன்யா!"

கட்டிலோடு தூக்கி வந்தார்கள். "நானே வாய அடச்சிட்டேனே மாப்ள," என்று அம்சத்தின் அம்மா பொன்னுத்தாய் கதறினாள். வேனுக்குள் ஏற்றியதும் அம்சம் வலி தாங்காமல் வீரையனின் கையைக் கடித்தாள்.

"கடியில பலம் இருக்கு. பொழச்சுக்குவா," என்றார் கலந்தர். வளையத்தை மாட்டினார். சிவப்புக் கூட்டைத் திருகி மூடினார். கண்ணாடி மறுபடி சுற்றத் தொடங்கியது.

சிவப்பைக் கண்டு மறுபடி வயலில் படுத்துவிடுவார்களோ என்று வீரையன் பயந்துபோய்ப் பின்கதவு வழியே எட்டிப் பார்த்தான். சிவப்பு வரப்பின் மேல் போயிற்று. பொன்னுத்தாய், தங்கையன் பெண்டாட்டி, பிள்ளைகள், எல்லாரும் முழங்காலில் சேறோடு நின்றார்கள். இருட்டிற்று. வெளிச்சம் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.