பூஜ்யம் வாங்கிய அம்மா

நான் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. மற்றவர்களைத் தோற்கவைப்பதுதான் என் தொழில். வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளுக்குக் கேள்வி எழுதும் ஆபீஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். கேள்வி ஒன்று, விடை நான்கு, அதில் சரியானது ஒன்று. அந்தச் சரியான விடையை எந்தக் கத்துக்குட்டியும் எழுதிவிடுவான். மீதி மூன்று தப்பு விடைகளை எழுதுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அவற்றைத் தூண்டில் என்போம். தூண்டிலைக் கற்பனையாக எழுதக் கூடாது, மனிதர்கள் நிஜமாகவே செய்கிற தப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸின் முதல் விதி. ஒன்பது வருடம் எனக்குச் சோறு போட்ட அந்த விதிதான் கடைசியில் என்னைக் காட்டியும் கொடுத்தது.

என் மகளுக்கு ஆறு வாரம் ஆனபோது தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வருவாள், எதை எடுத்துக் காட்டினாலும் திருப்தி கிடையாது. ஊசிக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் ஒரு தாளையும் பேனாவையும் மடியில் வைத்தார்.

"குழந்தை பெத்த எல்லாருக்கும் குடுக்கிறதுதான். போன வாரம் மனசு எப்படி இருந்துச்சுன்னு டிக் பண்ணிக் குடுங்கம்மா."

பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்த விடைக்கு எத்தனை மார்க், ஆள் யோசிக்காமல் டிக் அடிக்கிறாளா என்று பார்க்க எந்தெந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. குறைவாக வாங்கினால் நல்லது, அதிகம் வாங்கினால் உள்ளே கூப்பிடுவார்கள். வழக்கம்போலச் சிரிக்க முடிந்ததா? முடிந்தது. காரணமில்லாமல் அழுதீர்களா? இல்லவே இல்லை. அந்த வாரம் பால்பவுடர் டப்பாவின் மூடி திறக்கவில்லை என்று அரைமணி நேரம் அழுதிருந்தேன். மூடி திறக்காதது ஒரு காரணம்தானே?

ஏன் பொய் எழுதினேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் அழ ஆரம்பித்தால் நான் அவளைத் தொட்டிலில் படுக்கவைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு இது தெரியாது. தெரிந்தால் அவருடைய அக்காவுக்குப் போகும். என் நாத்தனார் தினமும் பத்து மணிக்குப் போன் செய்வார். "மூணு பெத்தேன், எனக்கெல்லாம் ஒண்ணும் வந்ததில்ல. உன்னால முடியலேன்னா ரெண்டு மாசம் என்கிட்ட விட்டுடு, நான் பார்த்துக்கிறேன்," என்பார். நல்ல மனுஷிதான். பயமே அதில்தான் இருந்தது. இன்னொரு தடவை கேட்டால் 'சரி' என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம். சொல்லிவிட்டால் அப்புறம் நான் யார்?

தாளைக் கொடுத்த பத்தாவது நிமிடம் உள்ளே கூப்பிட்டார்கள்.

நடைபாதையின் கோடியில் ஒரு சின்ன அறை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா, மூலையில் யாரும் எடுத்துப் போகாத பழைய எடை பார்க்கும் தராசு. மேஜைக்கு அந்தப் பக்கம் மனநல ஆலோசகர். பேசும்போதெல்லாம் ஒரு தகர டின்னிலிருந்து பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்து, நமக்குப் பெரிய பாதியைத் தருவார். வீட்டுக்குப் போவதற்குள் அவருக்குப் பிஸ்கட் மேடம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"பூஜ்யம் வாங்கியிருக்கீங்க," என்றார்.

"ஆமா மேடம்." பெருமையை மறைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"பதினோரு வருஷமா இந்த ரூம்ல உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் யாரும் பூஜ்யம் வாங்கினதில்ல. போன மாசம் புது ஃபாரம் வந்தப்போ சும்மா நானே ஒண்ணு நிரப்பிப் பார்த்தேன். எனக்கே ஏழு வந்துச்சு. எனக்குக் குழந்தையே கிடையாது."

நான் இன்ஸ்பெக்டரைச் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

"அடுத்த வாரம் வாங்கம்மா. பிஸ்கட்டுக்காகவாவது வாங்க."

மூக்குடைபட்டு வீடு திரும்பினேன். என் தப்பு என்ன என்பது பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது. யாருமே நூற்றுக்கு நூறு வாங்கக் கூடாது, வாங்கினால் காப்பி அடித்தான் என்று அர்த்தம். இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! அடுத்த வாரத்துக்கு நிதானமாக ஒரு சராசரித் தாயைத் தயாரித்தேன். கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் எரிச்சல், ஒரே ஒரு நாள் அழுகை. மொத்தம் ஆறு மார்க். யாரும் சந்தேகப்பட முடியாத ஆறு.

பிஸ்கட் மேடம் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"அழகா இருக்கு. ஒண்ணு விட்டு ஒண்ணு, தரையில டைல்ஸ் பதிச்ச மாதிரி. நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பிஸ்கட் தூள் புரையேறி, நான்தான் எழுந்துபோய் முதுகில் தட்டிவிட வேண்டியிருந்தது.

"அதானே பார்த்தேன்! சரி, எங்க ஃபாரம் மட்டம்தான், ஒத்துக்கிறேன். நீங்களே ஒண்ணு தயார் பண்ணிட்டு வாங்களேன். புதுசா அம்மா ஆனவங்களுக்கு ஆறு கேள்வி போதும். உங்க தரத்துல இருக்கணும்."

புகழ்ச்சிக்கு மயங்காதவள் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம் இருந்தது. அன்றோடு அது போயிற்று. அந்த வாரம் முழுவதும் ஒரு கையில் இன்ஸ்பெக்டர், மறு கையில் பென்சில். பால் கொடுக்கும்போது எழுதினேன், துணி மடிக்கும்போது திருத்தினேன். குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்கிறேன் என்று சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "லீவு போட்டுட்டு ஆபீஸ் வேலை பார்க்கிற ஒரே ஆள் நீதான்."

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாரத்துக்கு ஒருவராவது எங்காவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார், இவர் ஓடுவார். அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். போனதும் கதவை நெம்பக் கூடாதாம். முதலில் வெளியே நின்று பேச வேண்டுமாம். 'உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் இருக்கேன்.' பாதிப் பேருக்கு அதிலேயே மூச்சு சீராகிவிடும் என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் பெரிய டாக்டர் மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார்.

மூன்றாவது தடவை போனபோது என் வினாத்தாளை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிஸ்கட் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஒண்ணு. குழந்தை அழும்போது தாய் எங்கே இருக்கிறாள்? அ, குழந்தையின் அருகில். ஆ, சமையலறையில். இ, குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, நூறுவரை எண்ணிக்கொண்டு. ஈ, வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டு." நிமிர்ந்தார். "சரியான விடை எதும்மா?"

"அ."

"மத்ததெல்லாம்?"

"தூண்டில் மேடம். தப்பு விடைங்க."

"ரொம்ப நல்லா இருக்கு. இதையெல்லாம் எப்படி எழுதுவீங்க? ஏதாவது விதி இருக்கா?"

"இருக்கே! தூண்டிலைக் கற்பனையா எழுதவே கூடாது மேடம். நிஜமா நடக்கிற தப்புலேர்ந்துதான் எடுக்..."

பாதியில் வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது வருடமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தூண்டில் போட்டவள், வெறும் தாளில் வந்து மாட்டிக்கொண்டேன்.

"நூறு வரைக்குமா எண்ணுவீங்க?" குரலில் துளிக் கேலி இல்லை.

"முதல்ல அம்பது வரைக்கும். இப்பதான் நூறு."

"செருப்பு?"

"ஒரே ஒரு தடவை. வாசல் வரைக்கும்தான் போனேன். திரும்பி வந்துட்டேன்."

"உங்களையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிடணும்னு தோணியிருக்கா? இதை நான் எல்லார்கிட்டயும் நேராவே கேப்பேன்."

"இல்ல மேடம். யாரும் என்னைக் கூப்பிடாத இடத்துல போய்த் தூங்கணும்னு தோணும். அவ்வளவுதான்."

"வேற மாதிரி தோணினா அடுத்த வாரம்னு காத்திருக்கக் கூடாது. அன்னைக்கே வரணும். சரியா?"

தலையாட்டினேன். அவர் ஒரு பிஸ்கட்டை உடைக்காமல் முழுசாகத் தந்தார். பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று படித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு தூண்டிலையும் சுட்டி 'இதுவுமா?' என்பதுபோல் பார்ப்பார், நான் ஆமாம் என்பேன். ஆறாவது கேள்விக்கு வந்தார்.

"குழந்தையை இரண்டு மாதம் நாத்தனாரிடம் விட்டால் தாய்க்கு எப்படி இருக்கும்? அ, நிம்மதியாக இருக்கும். ஆ, அன்றைக்கே ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வருவாள். இ, விட்டவள் தாயே அல்ல. ஈ, தெரியாது." தாளைத் திருப்பிப் பார்த்தார். "மத்த அஞ்சுக்கும் பின்னாடி விடை எழுதியிருக்கீங்க. இதுக்கு மட்டும் காணோமே?"

எனக்குக் காது சுட்டது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. "அது... கேள்வியே தப்பு மேடம். நாலு நாள் யோசிச்சுப் பார்த்தேன். விடை வரல."

"பரீட்சையில இந்த மாதிரி ஒரு கேள்வி தப்பா போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அதை எழுத முயற்சி பண்ணின எல்லாருக்கும் முழு மார்க் குடுத்துடுவோம்."

"எந்த விடையை டிக் பண்ணியிருந்தாலும்?"

"எதைப் பண்ணியிருந்தாலும்தான். கேள்வி தப்பா இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்? அவங்க மேல தப்பில்லையே."

"யார் மேல தப்பில்ல?"

அழுதேன். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, பக்கத்து அறைக்குக் கேட்கிறதே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். மடியிலிருந்த இன்ஸ்பெக்டர், தன் வேலையை வேறொருவர் பார்க்கிறாரே என்று வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் மட்டும் யாராவது 'காரணமில்லாமல் அழுதீர்களா?' என்று கேட்டிருந்தால் உண்மையையே எழுதியிருப்பேன். காரணத்தோடுதான் அழுதேன்.

பிஸ்கட் மேடம் பெரிய மந்திரம் எதுவும் சொல்லவில்லை. வாரம் ஒரு தடவை அவரிடம் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை இதே அறையில் இன்னும் நான்கு அம்மாக்கள் கூடுகிறார்கள், அவர்களோடு உட்கார வேண்டும். டாக்டரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கடைசியாக, என் வினாத்தாளை ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இதை உங்க வீட்டுக்காரருக்கு வையுங்க. பக்கத்துல உக்காந்து பிட் குடுக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பரீட்சை நடந்தது. வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகியபடியே பென்சிலைக் கடித்து, தலையைச் சொறிந்து, மளமளவென்று எழுதி முடித்து நீட்டினார். நான் திருத்தினேன். பின்பக்கத்தில் முதலில் எழுதிய விடைகளை வைத்து அல்ல, உண்மையை வைத்துத் திருத்தினேன். ஆறாவதை முயற்சி செய்ததற்காக ஒரு மார்க் போட்டேன். மற்றபடி முட்டை.

"ஆறுக்கு ஒண்ணா? முதல் கேள்விக்கு அ தானே? புள்ள அழுதா நீ பக்கத்துலதான இருப்ப?"

"இ."

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குளியலறைக் கதவைப் பார்த்தார். அந்த முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"நான் வீட்ல இருக்கிற நேரத்துலகூடத் தண்ணி ஓடுமே," என்றார் மெல்ல. "நீ ரொம்ப சுத்தம் பார்க்கிற ஆளுன்னு நெனச்சேன்."

"கல்யாணமாகி நாலு வருஷத்துல நான் என்னிக்குச் சுத்தம் பார்த்திருக்கேன்?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மறுதேர்வு உண்டா?" என்று கேட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு நாத்தனார் போன் அடித்தபோது வீட்டுக்காரரே எடுத்தார். "புள்ளைய அனுப்ப வேணாம்க்கா. நீ வா. வந்து ஒரு வாரம் சமைச்சுப் போடு. ஆனா ஒண்ணு, உனக்கு ஒண்ணும் வந்ததில்லங்கிற கதையை மட்டும் வீட்லயே வச்சுட்டு வா." நாத்தனார் இரண்டு பெரிய பைகளோடு வந்து இறங்கினார். கதையையும் கொண்டுவந்திருந்தார்தான். ஆனால் இரண்டு நாளில் இரண்டு தடவைதான் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விரதம்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் மறுபடி பூஜ்யம் வாங்க ஆசைப்படுகிறேன் என்று அர்த்தம். நாத்தனார் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தாள். தோளில் போட்டேன், தட்டினேன், நடந்தேன், பாடினேன். பாடியதில் சத்தம் இன்னும் அதிகமாயிற்று. தொட்டிலில் விட்டுவிட்டுக் குளியலறைக்குள் போனேன். கதவைச் சாத்தி, குழாயைத் திறந்து, எண்ண ஆரம்பித்தேன். அறுபதைத் தாண்டியிருப்பேன், வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் சாப்பிட வந்துவிட்டார். பிடிபட்டேன் என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

குளியலறைக் கதவில் இரண்டு தட்டு விழுந்தது. அவர் கைப்பிடியைத் திருகவில்லை.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஒருத்தர்தான்."

"பயப்படாதீங்க. வெளிய ரெண்டு பேர் இங்கேயேதான் இருக்கோம். இன்ஸ்பெக்டருக்கு அவசரம் ஒண்ணும் இல்லையாம்."

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கிடந்து வீடே இடிகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றீங்க," என்றேன்.

"ஆமா," என்றார். "நீங்க மெதுவா வாங்க."

எதுவரை எண்ணினேன் என்பது மறந்துபோயிருந்தது. குழாயை மூடினேன்.