சாயங்காலம் வரைக்கும்

கயிற்றுக் கட்டிலை வாசலில் கவிழ்த்துப் போட்டு, சட்டத்தின் பொருத்துகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள் மங்கம்மா. மூட்டைப்பூச்சிகள் வெளியே வந்து விழுந்தன. அவற்றை விளக்குமாற்றால் தள்ளிவிட்டு மறுபடி ஊற்றினாள்.

மீன் விற்றுத் திரும்பிய பக்கத்து வீட்டுக் குப்பம்மா கூடையோடு நின்றாள்.

"இன்னாமே, ஆஸ்பத்திரிக்குப் போவாம கட்டில கழுவிகினு கீற?"

"போய்ட்டுத்தான் வந்தேன். சாய்ங்காலம் எம் புருசன வூட்டுக்கு அனுப்பறாங்க. டாக்டரே சொன்னாரு."

"நேத்து பேச்சு மூச்சே இல்லன்னு ஒன் கொழுந்தன் சொன்னானே."

"இன்னைக்கிப் பேசிச்சி."

பேசினான்தான். போன மாதம் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கட்டு அறுந்து, மூட்டைகள் அவள் புருஷன் பொன்னுரங்கத்தின் மார்பில் விழுந்தன. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை. இரண்டு நாளாகக் கண்கூடத் திறக்காதவன், இன்று காலை டாக்டர் வருவதற்குச் சற்று முன்புதான் திறந்தான்.

டாக்டர் வடக்கேயிருந்து புதிதாக வந்தவர். தமிழில் ஒரு சொல் தெரியாது. பொன்னுரங்கத்தின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு நர்சுக்கும் மங்கம்மாவுக்கும் பொதுவாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அதில் அவளுக்கு மூன்று சொற்கள் பிடிபட்டன. நாட். லீவு. ஈவினிங்.

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் பொன்னுரங்கம் கொண்டுவந்ததுதான். கப்பல்காரர்கள் பேசுவதைக் காதில் பிடித்துவைத்து, சாப்பிட உட்காரும்போது அவளுக்குச் சொல்வான். பிள்ளைகள் இல்லாத வீடு. அங்கே பேச்சென்று இருந்ததே அதுதான்.

"ஷிப்புன்னா கப்பலு. ஷீப்புன்னா ஆடு. கொஞ்சம் இஸ்துச் சொல்லிட்டா கப்பலு ஆடாப் பூடும்."

"அப்ப நீ தெனிக்கும் ஆட்டு மேலயா ஏறி மூட்ட எறக்கற?" என்று ஒருமுறை அவள் கேட்டாள். சோறு புரையேறும்வரை இருவரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் வரைக்கும் லீவு கிடையாது, அதற்குப் பிறகு உண்டு. அப்படித்தான் இருக்கவேண்டும். "எஸ் டாக்டர்" என்று தலையை ஆட்டினாள். டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நர்ஸ் சிலுவையம்மாள் அவள் தோளைத் தொட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

மங்கம்மா குனிந்தாள். "கேட்டியாய்யா? சாய்ங்காலம் லீவாம். ரிக்சா இட்டாறேன். வூட்டுக்குப் பூடலாம்."

பொன்னுரங்கம் அவளைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் சூடாக இருந்தன.

"கட்டில்ல மூட்டப்பூச்சி கீதுமே," என்றான். "வெந்நீ ஊத்தி வய்யி. போ."

"அப்பறமா ஊத்திக்கலாம்."

"இப்பவே போ."

வெயிலில் கட்டிலைக் காயவைத்து, தரையைத் துடைத்து, குப்பம்மாவிடம் ஒரு தலையணையும் இரவல் வாங்கினாள். வெயில் தாழ்ந்ததும் தெருமுனை ரிக்சாக்காரர் ரஷீது பாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"பள்ளத்துல எறக்காம மெதுவா இட்டுகினு வரணும் பாய். மாருல அடி."

"நீ கவலப்படாத தங்கச்சி. கொழந்த மாதிரி கொண்டாந்து வுட்றேன்."

வார்டில் அவன் கட்டிலின் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இரும்புக் கம்பிகளை ஒருவன் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். குளிக்க அழைத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்து மங்கம்மா தலையணையோடு நின்றாள்.

சிலுவையம்மாள் வேகமாக வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எங்கம்மா போயிட்ட? மத்தியானமே முடிஞ்சிடுச்சு. உன் வீடு தெரியல, துறைமுகத்துல இருக்கற உன் கொழுந்தனுக்கு ஆள் அனுப்பினேன். வண்டி புடிக்கப் போயிருக்கார்."

மங்கம்மாவுக்கு முதலில் எதுவும் ஏறவில்லை.

"சாய்ங்காலம் லீவுன்னாரே டாக்டரு."

"லீவா?"

"ஆமா. லீவுன்னுதான் சொன்னாரு. என் காதால கேட்டேன்."

சிலுவையம்மாள் பிடித்த கையை விடாமல் இன்னும் நெருங்கி வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"லீவு இல்லம்மா. லிவ். அது வேற வார்த்தை. உசுரோட இருக்கறதுன்னு அர்த்தம். சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னு சொன்னார். நீ தலையை ஆட்டினியே. புரிஞ்சுதான் ஆட்டறேன்னு நெனச்சேன்."

லிவ். லீவு. மங்கம்மாவின் உதடுகள் அசைந்தன. இழுத்தால் ஒன்று, இழுக்காவிட்டால் ஒன்று. கப்பலையும் ஆட்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் அவன். டாக்டர் சொன்னபோது கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தான்.

"நெனவு இருந்திச்சா?"

"கடைசிவரைக்கும் இருந்துச்சு. தண்ணி கேட்டார். உன் சம்சாரம் எங்கேன்னு கேட்டேன். வூட்ல வேல கீது, முடிச்சிட்டு வரும்னார்."

மங்கம்மா தலையணையைச் சுருட்டின மெத்தைமேல் வைத்தாள். பிறகு அது இரவல் என்பது நினைவுக்கு வந்து திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வண்டி பிடித்து வந்த கொழுந்தன் குமாரவேல் வாசலிலேயே அழுதான். "காலைல நல்லாக் கீதுன்னு சொன்னாங்களே அண்ணி. ஒன்னாண்ட இன்னா பேசிச்சி?"

"ஒண்ணுமில்ல. வூட்டப் பத்திப் பேசிச்சி."

ரஷீது பாய் ரிக்சாவை ஓரமாக நிறுத்திவிட்டு, கேட்காமலே உள்ளே வந்து, வார்டுக் கோடியில் திரைக்குப் பின்னால் கிடத்தியிருந்த உடலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

அவர்கள் பின்னால் போனவள் வார்டு வாசலில் நின்றாள். எதிர்வரிசையில் காலில் கட்டோடு ஒருவன் படுத்திருந்தான். அதே டாக்டர் அவன் மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெரினா என்ற அந்தப் பெண் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். டாக்டர் நகர்ந்தார்.

மங்கம்மா அவளிடம் போனாள். "இன்னா சொன்னாருன்னு புரிஞ்சிதா?"

"இல்லக்கா. பெரிய டாக்டரு, எப்பிடிக் கேக்கறது?"

மங்கம்மா அவள் கையைப் பிடித்துச் சிலுவையம்மாளிடம் அழைத்துப் போனாள். "இந்தப் பொண்ணுக்குத் தமிள்ல சொல்லுங்கம்மா."

நர்ஸ் மங்கம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நாளைக்குக் கட்டுப் பிரிக்கறாங்க. ராத்திரி கஞ்சி மட்டும் குடு."

"அவ்ளோதானா?" ஜெரினா முகமெல்லாம் மலர்ந்தது. மங்கம்மா பிடித்திருந்த கையை விட்டாள்.

தலையணையை ரஷீது பாயிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மாட்டு வண்டியில் பொன்னுரங்கத்தின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள். ராயபுரம் ரெயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகிறவரைக்கும் நிற்க வேண்டியிருந்தது. கேட் திறந்ததும் வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். சக்கரம் முதல் தண்டவாளத்தில் ஏறியபோது பொன்னுரங்கத்தின் தலை பலகையில் இடித்தது. அடுத்த தண்டவாளம் வருவதற்குள் அவள் உள்ளங்கையை அதனடியில் கொடுத்தாள்.