தும்புத்தடியும் மறியலும்

"அந்தத் தொப்பியக் கண்ணு வரைக்கும் இழுத்து உட்டுக்கிட்டுக் கூட்டுங்களன்," என்றாள் நதீரா.

அவள் புருஷன் மசூர் சைக்கிளை வெளியே தள்ளினான். இறக்காமத்து மேய்ச்சல் தரையில் மாடு களவெடுத்து லொறியில் ஏற்றிய வழக்கு. முதல் குற்றம் என்பதால் நீதவான் அவனை உள்ளே போடவில்லை. வெள்ளிதோறும் தும்புத்தடியால் சந்தைத் தெருவைக் கூட்டச் சொல்லிவிட்டார். மீன் வாங்க வருகிற கல்முனை முழுவதும் அவனைப் பார்த்தது.

அதே லொறியில் பிடிபட்டவன் அஸ்ஹர், நதீராவின் மூத்த சகோதரி முனவ்வறா ராத்தாவின் புருஷன். அவனுக்குப் பழைய வழக்கொன்றும் இருந்ததால் மட்டக்களப்புச் சிறைச்சாலையில் மறியலில் கிடந்தான். 'கட்டாருக்குப் போயிட்டாரு' என்று முனவ்வறா சொல்லிவைத்தாள். ஊர் அதை நம்பியதோ இல்லையோ, கண்ணில் படாததைக் கிளறவில்லை.

நதீராவுக்கு அதுதான் எரிந்தது. வாப்பா சீதனமாகக் கட்டிக்கொடுத்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே தென்னோலைக் கிடுகு வேலி. அந்தப் பக்கம் அயல் பெண்கள் ராத்தாவோடு சிரித்துக் கதைப்பது கேட்டால் இந்தப் பக்கம் சட்டி முட்டிகள் உருளும்.

ஒருநாள் வாய் திறந்தே கேட்டுவிட்டாள்.

"உனக்கென்ன ராத்தா, உன்ட மாப்பிள மறியலுக்குள்ள மறஞ்சிட்டாரு. என்ட மனிசன் ஊரு பாக்கக் குப்ப கூட்டுறாரு. அவரையும் உள்ள போட்டிருந்தா நான் தல நிமிந்து நடப்பன்."

முனவ்வறா துணி உலர்த்துவதை விட்டுவிட்டு வேலியருகே வந்தாள்.

"வாயக் கழுவு. பின்னேரமானா உன்ட கடப்படியில சைக்கிள் மணி கேக்குது. உன்ட புள்ள 'வாப்பா' எண்டு ஓடுது. எனக்கு அதக் கேக்க ஏலாம காதப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குள்ள போறன். தெரியுமா உனக்கு?"

அதன் பிறகு இருவரும் கதைக்கவில்லை.

அவர்கள் தெருவில் குடியிருந்த றாஹிலாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. பெண்கள் பக்கத்தில், ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சஹன் தட்டுகள் வைக்கப்பட்டன. ஐந்து பேர் இருந்த ஒன்றில் நதீரா போய் அமர்ந்தாள். ஒருத்தி, பிள்ளை அழுகிறது என்று எழுந்தாள். இன்னொருத்தியை மாமி கூப்பிட்டாளாம். மற்றவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. ஆவி பறக்கும் சோற்றின் முன்னால் நதீரா மட்டும் இருந்தாள்.

பக்கத்துச் சஹனிலிருந்து றாஹிலா சொன்னாள்: "முந்தி மாட்டுக் கள்ளனப் பள்ளிவாசல் முத்தத்தில கட்டிவெச்சுப் பிரம்பால அடிப்பாங்களாம். இப்ப கையில தும்புத்தடியக் குடுத்து உடுறாங்க."

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சஹனிலேயே இருந்த முனவ்வறாவும் உள்ளுக்குள், 'வேணும் இவளுக்கு' என்றுதான் நினைத்தாள். ஆனால் தங்கச்சியின் கையைப் பார்த்தாள். எடுத்த கவளம் வாய்க்கும் போகாமல், கீழேயும் விழாமல் நின்றது.

முனவ்வறா எழுந்தாள்.

"அடி வாங்கினவன்ட பொண்டாட்டிக்கும் அப்ப தனிச் சஹனா வெச்சாங்க, றாஹிலா மாமி?"

"எனக்கென்னடி தெரியும்?"

"என்ட மாப்பிள கட்டாரில இல்ல. மறியல்ல இருக்காரு. ரெண்டு பேரும் சேந்துதான் களவெடுத்தாங்க."

அவள் போய்த் தங்கச்சிக்கு எதிரே அமர்ந்தாள்.

"இறைச்சி முழுக்க உன்ட பக்கம் கிடக்கு."

நதீரா நிமிராமலே பாதியை இந்தப் பக்கம் தள்ளினாள். அவசரப்படாமல் இருவரும் சாப்பிடத் தொடங்கினார்கள்.

திரைக்கு அப்பால் ஆண்களின் பந்தியில் யாரோ உரக்க உபசரித்தார்கள்: "மசூர், என்ன கூச்சப்படுறாய்? இன்னும் ரெண்டு துண்டு போடு."

அவனுடைய சஹனைச் சுற்றி ஆறு பேரும் எழுந்து போகாமல் இருந்தார்கள்.