பூஜையில் வைத்த கட்டைகள்

"ஹேண்ட் பிரேக்கை எடுத்தது நான்தான்னு உங்க கையால எழுதிக் குடுங்க சார்."

கேட்டுவிட்டேன். பங்களாக்காரரிடம் இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அழுவு, கால்ல வுழு, இன்னா வேணா பண்ணு. எழுதிக் குடுன்னு மட்டும் கேட்டுடாதடி கிளி. அப்புறம் நம்ம மூஞ்சில முழிக்கமாட்டாங்கோ." அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எழுத்து என்றாலே பயம். மூன்று வருடம் பி.காம். படித்ததில் எனக்குப் போனது அந்தப் பயம் ஒன்றுதான்.

சிவசங்கர் சார் மஞ்சள் துணியால் கறுப்பு மோரிஸ் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வல்லக்கோட்டை ரோட்டில் இருக்கும் அவர் தோட்டத்து ஷெட்டில் நான்கு பழைய கார்கள். நான்குமே என்னைவிட மூத்தவை. சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து வந்து அவற்றைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் பார்த்துக்கொண்டது என் அப்பா எல்லப்பன். பதினான்கு வருடம்.

சுவரோரமாக அந்த இரண்டு ரேம்ப்புகளும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பழைய லாரிச் சட்டத்தை அறுத்து அப்பா வெல்டிங் வைத்த இரும்புச் சரிவுகள். ஷெட்டில் ஆள் இறங்கி வேலை பார்க்க முன்பு இருந்த குழியில் மழைக்கு மழை தண்ணீர் நின்றதால் செய்தது. காரின் முன்சக்கரங்களை அதில் ஏற்றி நிறுத்தினால், அடியில் ஓர் ஆள் மல்லாந்து படுத்து ஆயில் மாற்றலாம். கார் பின்னால் உருளாமல் இருக்கப் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க இரண்டு புளியங்கட்டைகள். அதையும் அப்பாதான் ஆப்பு மாதிரி செதுக்கினார். "பிரேக்கு பாதி, கட்ட பாதி. ரெண்டும் சேந்துதான் என்னிய உசுரோட வெச்சிகினு கீது" என்பார்.

ஆயுத பூஜை அன்று அந்தக் கட்டைகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, ஸ்பானர், ஜாக்கியோடு பங்களாவின் பூஜை அறையில் வைத்திருந்தார்கள். மறுநாள் மெட்ராஸில் பழைய கார்களின் ஊர்வலம். ஆயில் மாற்றவில்லை என்பது சாருக்கு மதியம்தான் ஞாபகம் வந்தது. டிக்கியில் பூஜைக்கு வைக்காத ஸ்பானர் ஒன்று கிடைத்தது. கட்டைகள் இல்லை. அப்பா உள்ளே போய் எடுக்க முடியாது. அவர் செதுக்கிய கட்டைகள் அந்த அறைக்குள் போகலாம், எங்கள் சேரித் தெருக்காரரான அவர் போகக் கூடாது. வெளியில் நின்று சாரிடம் கேட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும், இன்றைக்குச் செங்கல் வைத்துக்கொள் என்றார் சார். மழையில் ஊறிய நாட்டுச் செங்கல்.

அப்பா அடியில் இருக்கும்போது சாரின் நண்பர் போட்டோ எடுக்க வந்தார். மாலை போட்ட காரில் சார் ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை விட்டார். செங்கல் பொடிந்தது. கார் பின்னால் இறங்கியது. காமிரா நனையாமல் குடை பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் யாக்கோபு மாமா எல்லாவற்றையும் பார்த்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது என்னிடம் சொன்னார்.

ஸ்டேஷனில் எழுதியிருப்பது வேறு. எல்லப்பன் குடித்திருந்தார், பக்கத்திலேயே கிடந்த கட்டைகளை வைக்க மறந்து காருக்கடியில் போனார். அப்பா குடிப்பார், இல்லை என்று சொல்லமாட்டேன். வேலை முடிந்து குடிப்பார்.

"உனக்கு நம்ம ஆபீஸ்ல வேலை போட்டாச்சே, கிளி. ஆர்டர் வந்துச்சுல்ல?" என்றார் சார், துணியை உதறிக்கொண்டே.

"வந்துச்சு. நான் கேட்டது வேற."

"ஒரு செகண்டும்மா. வண்டியில உக்காந்தா கை தானா பிரேக்குக்குப் போயிடும். முப்பது வருஷப் பழக்கம்."

"அதையே எழுதுங்க சார்."

அவர் கை நின்றது. தான் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது போலிருந்தது.

"எழுதினா உங்கப்பா திரும்பி வந்துடுவாரா?"

"வரமாட்டாரு. குடிச்சிட்டு செத்தவன்ற பேரு போவும்."

"செங்கல் வெச்சது அவர்தானே? கட்டைதான் வேணும்னு அடிச்சுக் கேட்டிருக்கலாமே."

"அடிச்சுக் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். கழுவிய சிமெண்ட்டில் ஆயில் கறை மட்டும் போகாமல் இருந்தது.

"நீ படிச்ச பொண்ணு. நாலும் யோசிக்கணும்."

"படிச்சதாலதான் சார் ஸ்டேஷன்ல எழுதின அந்தப் பேப்பரை வாசிச்சேன். எங்கம்மா சும்மா கைநாட்டு வெச்சிட்டு வந்துட்டாங்க."

"எழுதித் தரமாட்டேன். போம்மா."

பையிலிருந்து வேலை உத்தரவை எடுத்து ரேம்ப்பின் மேல் வைத்தேன். அது சரிந்து கீழே விழுந்தது. எடுக்கவில்லை. பின்வாசல் வழியாகப் பங்களாவுக்குள் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

"கிளி, எங்க போற? அது பூஜை ரூம்." பின்னால் அவர் குரல் மட்டும் வந்தது. ஆள் வரவில்லை.

நினைத்தது சரிதான். அப்பாவுக்குப் பிறகு எந்தக் காரும் ரேம்ப்பில் ஏறவில்லை, கட்டைகளுக்கு வேலை வரவில்லை. இரண்டும் சாமி படத்தின் கீழே காய்ந்த பூவோடு அப்படியே இருந்தன. டயர் உரசும் சரிவில் குங்குமம் கலையாமல் இருந்தது. பூஜை அன்றிலிருந்து இந்த அறையை விட்டு நகராத இவை காருக்குப் பக்கத்தில் கிடந்தவை என்று ஸ்டேஷனில் நம்பியிருக்கிறார்கள். இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி, குங்குமம் உதிராமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கனமாக இருந்தன. அப்பா இவற்றை ஒரே கையில் தூக்குவார்.

கேட் அருகில் யாக்கோபு மாமா ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"எழுதமாட்டாராம்."

என் கையிலிருந்ததைப் பார்த்தார். பங்களா பக்கம் ஒருமுறை பார்த்தார். "என் பேரை எதுலயும் எழுதிடாதம்மா. வூட்ல ரெண்டு பொண்ணு கீது. இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்?"

"எழுதிட்டேன் மாமா. இங்க வர்றதுக்கு முன்னாடியே."

காஞ்சிபுரம் கலெக்டருக்கு எழுதிய மனு காலையிலிருந்தே பையில் இருந்தது. நேரில் பார்த்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான். அவரைக் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

"உங்கப்பனாட்டம் இல்ல நீ" என்றார். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. கேட்டைத் திறக்க அவர் கை நகரவில்லை.

கட்டைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானே தாழ்ப்பாளை இழுத்தேன். காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ரோட்டில் இறங்கி நடந்தேன்.