காலிபரில் ஒட்டிய மாவு

ஜாக்கியில் நின்ற காரின் இடப்பக்கம் முன்சக்கரத்தை மாட்டி, நிளால் கையால் சுற்றிப் பார்த்தான். கால் சுற்றுகூட வரவில்லை. உள்ளே பிரேக்கைக் கவ்வும் காலிபரில் உரசி நின்றுவிட்டது.

"அண்ணன் மாட்டுன பெரிய பிரேக்கு, மதினி. ஸ்பேசர் வைக்காம வீலு சுத்தாது. பேசாம அண்ணனை ஆஸ்பத்திரியிலருந்து நேரா பள்ளிவாசலுக்கே கொண்டு போயிருவோம்."

ஹியாம் வாசற்படியில் நின்றாள். மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட கண்கள் எரிந்தன. விடியலில் கணவன் ருஷ்தி போய்ச் சேர்ந்துவிட்டான். மதியம் லுஹர் தொழுததும் அடக்கம். ஸர்க்கா ஊரில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. வீட்டில் பார்த்தால்தான் உண்டு. முற்றத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இந்தக் கார் நகராமல் அவனைச் சுமந்து வரும் சந்தூக்கு உள்ளே வராது.

"அவரு வீட்டுக்கு வரணும்," என்றாள்.

நிளால் அண்ணனின் ஸ்பேசர் பெட்டியைக் கவிழ்த்தான். வெவ்வேறு தடிமனில் மூன்று ஜோடி அலுமினிய வட்டுகள் விழுந்தன. தடித்ததை எடுத்து வைத்தான்.

"இது கண்டிப்பா உரசாது."

உரசவில்லைதான். ஆனால் நட்டு, சக்கரத்தைத் தாங்கும் ஸ்டட் போல்ட்டின் நுனியை மட்டும் கவ்வியது.

"கழட்டு," என்றாள் ஹியாம். "தள்ளும்போது வீலு பிடுங்கிக்கிட்டா வண்டி வாசல்லயே படுத்துரும். நடுவுல உள்ளதை வை. நட்டு கையாலயே ஏழெட்டுச் சுத்து ஏறணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டயாலிசிஸ்ல படுத்துக்கிட்டு வேற என்ன பேசுனாரு அந்த மனுசன்?"

அந்தப் பேச்சை அவள் அடியோடு வெறுத்தாள். தான் போனபின் இவள் என்ன செய்வாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கடற்கரை ஊரான அகபா போகும் இறக்கத்துக்குப் பழைய பிரேக் தாங்காது, உன்னைக் கடலுக்குக் கூட்டிப் போக வேண்டாமா என்பான். கடலை யார் கேட்டது?

நடு வட்டு ஆடாமல் உட்கார்ந்தது. சக்கரம் தாராளமாகச் சுற்றியது. வலப்பக்கம் போன நிளால் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"காலிபர்ல என்ன மதினி இது, சிமெண்டா?"

"மாவு. வீலுக்கும் அதுக்கும் எவ்வளவு இடைவெளி வருதுன்னு பாக்க ஒட்டுனாரு. ரொட்டிக்குப் பிசைஞ்சு வச்சதுல கிள்ளிக்கிட்டுப் போயிட்டாருன்னு அன்னைக்கு வாய்க்கு வந்தபடி திட்டுனேன்."

காய்ந்த மாவில் ருஷ்தியின் கட்டைவிரல் பதிந்திருந்தது. வீலை மாட்டிப் பார்க்குமுன் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள்.

"சுரண்டிரவா?"

"வேணாம்."

"உரசுமே."

"உரசாது. மாட்டு."

அதே நடு அளவு வட்டை வைத்து மாட்டினான். சக்கரம் மாவைத் தொடாமல் முழுச் சுற்று வந்தது.

பக்கத்து வீட்டு ஆண்கள் சேர்ந்து காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். ஹியாம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் சந்தூக்கு முற்றத்தில் இறங்கியது. கஃபன் துணிக்குள் கைகள் மறைந்திருந்தன. முகத்துணியை மட்டும் விலக்கினார்கள். சீக்கிரம் பாருங்க, தொழுகைக்கு நேரமாச்சு என்றார் யாரோ.

அவள் குனிந்தாள். அழுகை வரவில்லை. அவன் காதருகே மெல்லச் சொன்னாள்:

"நடுவுல உள்ளதுதாங்க சரியா இருந்துச்சு."