வேட்டைக்காரர்களின் வர்ணம்

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பண்ணையார் ஹிலாரியின் வேட்டைக் கூட்டத்தோடு நானும் குதிரையேறிப் போனேன். மூக்கு சிவந்து, விரல் மரத்து, வீடு திரும்பியதும் அடுப்போரம் உட்கார்ந்து வரைந்த படம் அது. பனிவெளியில் பாய்ந்து வரும் ஏழு குதிரைகள், முன்னால் வேட்டைநாயின் வாயில் ஒரு முயல். குதிரையின் மூச்சு புகைவதை எங்கள் லூப்ளின் வட்டாரத்தில் என்னைப் போல வரைய ஆளில்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் மூலையில் இருந்த பெயர் என் அண்ணன் எராஸ்முடையது.

"பொம்பள வரைஞ்சதுன்னா பண்ணையாரோட வேட்டை மாளிகையில மாட்ட மாட்டாங்க பெனிக்னா. என் பேர்ல போகட்டுமே" என்று அவன்தான் சொன்னான். லித்துவேனியாக் காடுகளில் பத்து வருடம் வேட்டையாடியதாகப் பண்ணையாரிடம் அளந்தும் விட்டிருந்தான். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. இருந்தும் தலையாட்டித் தொலைத்தேன்.

மாளிகையில் வேட்டைக்காரர்கள் எல்லோர் முன்னும் படத்தைத் திறந்ததும் ஹிலாரி மீசையை நீவியபடி வெகுநேரம் பார்த்தார்.

"குதிரை அச்சு அசலா இருக்கு தம்பி. ஆனா முயல்கிட்ட வர்ணத்தையே காணோமே?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "என்னங்கய்யா இப்படிச் சொல்றீங்க? மூணு பூச்சு பூசியிருக்கேன்!"

கூடம் அதிரச் சிரித்தார்கள். வேட்டைக்களத்தில் ரத்தத்தை யாரும் ரத்தம் என்பதில்லை. வர்ணம் என்றுதான் சொல்வோம். ஒரே ஒரு நாள் வேட்டைக்குப் போனவனுக்கும் அது தெரியும்.

"பத்து வருஷமா வேட்டையாடின லட்சணமா இது?" என்றார் ஹிலாரி.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அங்க வர்ணம் வராதுங்கய்யா. நாய் கழுத்தைக் கவ்வி ஒரே உலுக்கு, ஒரு சொட்டு சிந்தல. முதல்ல அங்க போய்ச் சேர்ந்தது என் குதிரை. நீங்க அப்ப ஓடைக்குள்ள விழுந்து கிடந்தீங்க."

சிரிப்பு நின்றது. அண்ணன் தரையைப் பார்த்தான்.

"எனக்குக் குதிரைன்னாலே நடுக்கங்கய்யா. எல்லாம் அவ வரைஞ்சது."

ஹிலாரி இருமினார். "சரி, தெரிஞ்சது நம்மளோட இருக்கட்டும். பேரு அப்படியே கிடக்கட்டும், படத்தை மாட்டிடலாம்."

"என் பேர் இல்லாம என் படம் இங்க தொங்காது. நான் வீட்டுக்கே தூக்கிட்டுப் போறேன்."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"எழுது" என்றார்.

வண்டியிலிருந்த என் வர்ணப் பெட்டியை எடுக்க அண்ணனே ஓடினான். இருபது ஆண்கள் பார்க்க, அவன் பெயரைச் சுரண்டியெடுத்துவிட்டு என் பெயரை எழுதினேன்.