நிறைந்திருந்த கிண்ணம்

1

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு பத்து.

பக்கத்து வீட்டு கெர்ரின் வேலிக்கு மேலாக ஒரு தீனிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இதுல என்ன இருக்கு, சொல்லு."

"தினை."

"ஊது."

ஊதினேன். உமி பறந்து என் கண்ணில் விழுந்தது. கிண்ணத்தின் அடி தெரிந்தது. ஒரு மணி தினைகூட இல்லை.

இந்தக் கதை அங்கே கிடைத்தது. கேட்டு வாங்கியதல்ல.

2

முதல் தொடக்கம்: "தென் ஆஸ்திரேலியா, வயாலாவில் மார்ச் மாத வெயில்" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். வெயில் யாரையும் கொல்லவில்லை.

இரண்டாவது: "மூன்று குஞ்சுகள், மூன்று நிறங்கள், மூன்று" (அடித்துவிட்டேன். தாலாட்டுப் போல இருக்கிறது.)

மூன்றாவது, நடந்ததை மட்டும்:

கெர்ரின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பட்ஜி* வளர்க்கிறாள். வியாழன் காலை அடிலெய்டுக்குப் போனாள், பட்ஜிக் கண்காட்சிக்கு. பெரிய பறவைகளைக் கூடவே கொண்டுபோனாள். அந்த வாரம்தான் தாயிடமிருந்து பிரித்த மூன்று குஞ்சுகள் கூண்டில் இருந்தன. கணவன் டரிலிடம் சொன்னாள்: "கிண்ணம் காலியானா தினை போடு."

கிண்ணம் காலியாகவே இல்லை.

பட்ஜி தினையை உரித்துத் தின்னும். உமியை அங்கேயே துப்பும். தின்னத் தின்னக் கிண்ணம் நிறைந்தே தெரியும். வளர்ப்பவர்கள் தினமும் காலையில் கிண்ணத்தை ஊதுவார்கள்.

ஞாயிறு பகல் அவள் திரும்பியபோது பச்சையும் மஞ்சளும் கூண்டின் தரையில் கிடந்தன. சாம்பல் நிறக் குஞ்சு உமிக்குள் அலகை நுழைத்துக் கிளறிக்கொண்டிருந்தது.

* நம்மூரில் இதை லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கிறார்கள். அது வேறு பறவை. பெயரைக்கூடப் பார்த்து வாங்குவதில்லை.

3

டரிலோடுதான் எனக்குத் தகராறு.

நான் எழுதும் ஒவ்வொரு வரைவிலும் அவன் நல்லவனாகிவிடுகிறான். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினான். வெயிலுக்குக் கூண்டின்மேல் ஈரத்துண்டு போட்டான். துணைக்கு வானொலியைப் பாடவிட்டான். எல்லாம் உண்மை. குடிகாரனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சோம்பேறியாக்கிப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை.

அவன் அன்பாக இருந்தான். பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

(அன்பாக இருப்பவர்கள்மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அதை எப்படி எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.)

4

சமையலறை.

"நீதானே சொன்ன, கெர். காலியானா போடுன்னு."

"ஆமா. சொன்னேன்."

"நான் தினம் பாத்தேன். ரொம்பி இருந்துச்சு."

"எத்தன வருஷமா நான் காலைல நின்னு அதுக்குள்ள ஊதறேன்? எதுக்குன்னு நெனச்ச?"

"தூசின்னு நெனச்சேன்."

"தூசி."

"நீ எல்லாத்தையும்தான் ஊதற. காபிய ஊதற. எம்மேல ஊதற."

"சிரிக்க வைக்காத. கையில கத்தி இல்லன்னு சந்தோஷப்படு."

"சத்தியமா தெரியாது, கெர்."

"கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவ. 'ஏன்டி ஊதற?'ன்னு."

இங்கே அவன் கண்ணில் நீர் என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அழுதான்தான். ஆனால் அந்த வரி வந்தால் நீங்கள் அவன் பக்கம் போய்விடுவீர்கள்.

கெர்ரினிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஊது என்று அவள் ஏன் சொல்லவில்லை? செருப்பைக் காலில் போடு என்று யாராவது சொல்வார்களா? அவளுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றியதில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் டரில்மேல் விழுகிறது. அவளுக்கே அது தெரியும். தெரிந்ததால் குறையவில்லை.

5

இதுவரை எழுதியதை ஒரு நண்பரிடம் காட்டினேன். இலக்கியம் தெரிந்தவர்.

"நல்லா வந்திருக்கு. ஆனா பறவைன்னு விட்டா சின்னதாப் போயிடும். அந்தக் கிண்ணம்தான் அவங்க கல்யாணம். அப்படிக் கொண்டுபோங்க."

போகமாட்டேன்.

கிண்ணம் கிண்ணம்தான். இரண்டு குஞ்சுகள் தீனிக்கு முன்னால் உட்கார்ந்து பட்டினியில் செத்தன. ஒரு குஞ்சின் எடை ஒரு கைப்பிடித் தினைகூட இராது. அதைச் சின்ன விஷயம் என்று நினைத்து, பெரிதாக்கிக் காட்டச் சொல்கிறார். அவரும் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு நிறைந்திருக்கிறது என்கிறார்.

6

இப்போது சாம்பல் நிறக் குஞ்சு.

கெர்ரின் அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தாள். பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் சுடுநீர்ப் பை. குளிர்ந்த குஞ்சுக்கு உடனே ஊட்டக்கூடாது. உள்ளே போனது செரிக்காமல் புளிக்கும். சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பசியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

"நான் என்ன பண்ணட்டும்?" வாசற்படியில் டரில்.

"நில்லு. பாரு."

குஞ்சுகளுக்கு ஊட்டும் மாவைக் கஞ்சிபோலக் கரைத்தாள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். ஓரம் வளைத்த கரண்டி. அலகின் இடப்பக்கமாக ஒரு துளி. விழுங்கியதா? அப்புறம்தான் அடுத்த துளி. அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் போகும், அதோடு முடிந்தது.

முதல் துளி வழிந்தது. இரண்டாவதும். மூன்றாவதற்குத் தொண்டை அசைந்தது.

"முழுங்கிடுச்சு, கெர்!"

"கத்தாத, பயந்துக்கும்."

கழுத்துக்குக் கீழே தீனிப்பை ஒரு பட்டாணி அளவுக்கு எழும்பியது.

"இந்த மேடு இறங்கினா அடுத்த வேளை. இறங்கலன்னா செரிக்கல. நாளைக்கு முழுக்க இப்படித்தான். ஒரு வேளை தப்பினா போச்சு."

"நாளைக்கு உனக்கு பஸ் இருக்கே."

அவள் கரண்டியைக் கழுவப் போனாள்.

7

திங்கள் காலை. குஞ்சு உயிரோடு இருக்கிறது. தானாக எதையும் கொத்தவில்லை. கெர்ரின் பேருந்தை எடுத்தாக வேண்டும். பண்ணைப் பிள்ளைகள் சாலையோரம் நிற்பார்கள். வியாழன், வெள்ளிக்கு வந்த மாற்று ஓட்டுநர் இன்று இல்லை. அவள் திரும்புவதற்குள் ஊட்டும் வேளை ஒன்று வரும்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பெட்டியைப் பேருந்தில் கொண்டுபோகிறாள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள், குஞ்சு பிழைக்கிறது, உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. தூ. அந்த மண்பாதையில் முட்டையே உடையும்.

டரிலிடம் கொடுக்கிறாள். அவன் கையில் குஞ்சு சாகிறது. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். என் கோபத்துக்காக மூன்றாவது குஞ்சையும் கொல்வது என்ன நியாயம்?

டரிலிடம் கொடுக்கிறாள், குஞ்சு பிழைக்கிறது, இருவரும் கட்டிப்பிடித்து

இல்லை. இரண்டு குஞ்சுகள் கொல்லைமண்ணில் இருக்கின்றன.

என்னிடம் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். நான் அன்று போர்ட் அகஸ்டாவில் இருந்தேன். ஊரில் இருந்திருந்தாலும் என்னை உள்ளே விட்டிருக்கமாட்டேன். கதை சுலபமாகிவிடும்.

அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் டரில் மன்னிக்கப்பட்டான், அல்லது தண்டிக்கப்பட்டான் என்று நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கூண்டை மறந்துவிடுவீர்கள்.

ஆகவே நீங்கள் நில்லுங்கள், அந்தச் சமையலறையில். பேருந்துச் சாவி உங்கள் கையில். பெட்டிக்குள் குஞ்சு வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை. டரில் அவனாகவே கஞ்சி கரைத்திருக்கிறான். மணிக்கட்டை உங்கள் பக்கம் நீட்டுகிறான். அதில் ஒரு சொட்டு.

"தொட்டுப் பாரு, கெர். நான் ஊட்டட்டுமா?"